பாழ்நிலம் என்னும் செல்வம்: ஆஷ்டவுன் பொதுத்தரவையும் அதன் பருவப் பணிகளும்

ஏர் செல்லாத நிலத்தைப் பாழ் என்று ஒதுக்குவது உலக வழக்கு. ஆயினும் ஓர் ஊரின் வாழ்வு வயலினால் மட்டும் நடைபெறுவதன்று. மாடு மேய்வதற்கும், விறகு எடுப்பதற்கும், குழை வெட்டுவதற்கும், மாலைப்பொழுதிற் காற்று வாங்குவதற்கும் எவர்க்கும் தனியுடைமையாகாத ஒரு வெளி வேண்டும். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் இத்தகைய திறந்த மேய்ச்சல் வெளியைத் தரவை என்பர். இங்கிலாந்திலே இதற்கு ஒப்பானது பொதுநிலம் எனப்படும். அந்நாட்டுப் பொதுநிலங்களுட் பல ஹீத் என்னும் புதர்வெளிகளாகும். பழைய சட்ட ஆவணங்கள் அவற்றையும் பாழ் என்றே குறித்தன.

அந்தப் பாழ்நிலங்கள் இன்று வயல்களைக் காட்டிலும் அருமையாகப் போற்றப்படுகின்றன. பிரித்தானியாவின் தாழ்நிலங்களில் 1800ஆம் ஆண்டளவில் இருந்த ஹீத் வெளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. எஞ்சியவற்றைக் காப்பதற்கு வேலி கட்டி விலகி நின்றாற் போதுமா, அல்லது ஆண்டு முழுவதும் அங்கே மனிதர் உழைக்க வேண்டுமா என்பது ஆராயத்தக்க வினா. இலண்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 மைல் தொலைவிற் சசெக்ஸ் நாட்டிலுள்ள ஆஷ்டவுன் வனத்தின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை பகர்கின்றது.

ஹீத் நிலத்தின் இயல்பு

வனம் என்னும் பெயர் கேட்டோரை மயக்கும். ஆஷ்டவுன் வனத்தில் மரமடர்ந்த பகுதி ஐந்தில் இரண்டு பங்கே. எஞ்சிய மூன்று பங்கும் முழங்காலளவு வளரும் சிறு புதர்கள் பரந்த மேட்டுவெளி. முற்காலத்து அரசர்கள் மான் வேட்டைக்கென ஒதுக்கிய நிலத்தை, மரம் இருப்பினும் இல்லாவிடினும், அந்நாட்டுச் சட்டம் வனம் என்றே வழங்கிற்று.

இம்மேட்டின் அடியிலுள்ளது மணற்பாறை. அதன்மேற் படிந்த மண் அமிலத்தன்மை மிக்கது. ஊட்டம் மிகக் குறைந்தது. நூற்றாண்டுகளாகப் பெய்த மழை மண்ணிலுள்ள இரும்பையும் பிற சத்துக்களையும் கரைத்துக் கீழே கொண்டு சென்றமையால், மேற்படையின் கீழே சாம்பல் நிறமான வெளிறிய படையொன்று தோன்றுகின்றது. அதற்கும் கீழே இரும்பு இறுகிக் கடினமான தட்டாக நிற்பதும் உண்டு. உருசிய மொழியில் இத்தகைய மண்ணைப் பொட்சோல் என்பர். சாம்பல் என்னும் பொருளுடைய சொல்லை அப்பெயர் தன்னுட் கொண்டுள்ளது.

இத்தகைய மெலிந்த மண்ணிற் கோதுமை விளையாது. ஆயின் ஹெதர் என்னும் குறுஞ்செடி செழிக்கும். அதன் மயிர் போன்ற மெல்லிய வேர்களுள் ஒருவகைப் பூஞ்சணம் வாழ்ந்து, செடியாற் பெறமுடியாத சத்தை மண்ணிலிருந்து பிரித்துக் கொடுக்கின்றது. செடி அதற்கு ஈடாகத் தான் ஆக்கிய வெல்லத்தை அளிக்கின்றது. வறுமையே இச்செடியின் அரண். மண் வளம் பெறுமாயின் புல்லும் முள்ளும் மரமும் வந்து இதனை மூடிவிடும்.

எனவே ஹீத் என்பது இயற்கை தானாக நிலைநிறுத்தும் நிலம் அன்று. கடற்கரைப் பாறைகளும் உயர்மலை முகடுகளும் ஒழிந்த இடங்களில், பண்டை மக்கள் காட்டை வெட்டியும் எரித்தும் மேய்த்தும் ஆக்கிய வெளிகளே இவை. பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவிடத்துத் தோன்றுவது என்று சிலப்பதிகாரம் கூறும் கருத்தைத் தமிழ் கற்றோர் அறிவர். ஹீத்தும் அவ்வாறே திரிபினால் உண்டான ஒரு நிலை. அத்திரிபுக்குக் காரணமான கை ஓய்ந்தால், நிலம் மீண்டும் காடாகும்.

எடுத்துச் செல்வதே பேணுதல்

காட்டை ஒருமுறை அழித்துவிட்டால் மட்டும் ஹீத் நிலைக்காது. ஆண்டுதோறும் அங்கு விளைவதிற் சிறுபகுதியை எவரேனும் எடுத்துச் செல்லவேண்டும். ஆஷ்டவுனைச் சூழ்ந்த ஊரவர் அதனையே செய்தனர். மாடுகளை மேயவிட்டனர். பிர்ச் மரக் கிளைகளை விறகுக்காக வெட்டினர். கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடியை வெட்டி ரொட்டி சுடும் அடுப்புக்கு எரித்தனர். வெட்டிய புற்கரணையையும் உலர்த்தி எரித்தனர். பிராக்கன் என்னும் உயரமான பன்னத்தையும் ஹெதரையும் இலையுதிர் காலத்தில் அரிந்து, குளிர்காலத்தில் மாடுகள் படுப்பதற்குத் தொழுவத்தில் விரித்தனர். சாணமும் சிறுநீரும் ஊறிய அவ்விரிப்பு, வேனிலில் அவர்தம் சிறு தோட்டங்களுக்கு எருவாயிற்று.

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் குழை வெட்டித் தோட்டத்திலே தாழ்ப்பதையும், தறைகளிற் பட்டி அடைத்து மாட்டெருவைப் பெறுவதையும் அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று. இரண்டிலும் வெளிநிலத்தின் சத்து விளைநிலத்துக்குச் செல்கின்றது. இதனால் விளைநிலம் கொழுத்தது, பொதுநிலம் மெலிந்தது. அந்த மெலிவே ஹெதரை வாழவைத்தது. ஊரவர் ஒருவரும் ஹெதரைக் காப்போம் என்று கருதி அரிவாள் எடுத்தாரல்லர். தம் பசுக்களின் நலம் ஒன்றையே கருதினர். ஆயினும் அவர்தம் தேவை, தாம் அறியாமலே ஒரு நிலத்தைப் பேணிவந்தது.

உரிமை நிலைபெற்ற வரலாறு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆஷ்டவுன் வனம் அரசர் வேட்டைக்காக மரவேலி சூழப்பெற்றது. அவ்வேலியில் 34 வாயில்கள் இருந்தன. ஊரவர் அவற்றின் வழியாகவே உட்சென்று மாடு மேய்த்தனர். கோல்மன்ஸ் ஹாச், சக் ஹாச், செல்வுட் கேற் என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அவ்வாயில்களின் நினைவாக நிற்பன. பின்னர் வனத்தின் இரும்புக்கல்லும் மரமும் வேறு பயன் பெற்றன. இங்கிலாந்தின் மிகப் பழைய ஊதுலைகளுள் ஒன்று 1496ஆம் ஆண்டில் இவ்வனத்தின் நியூபிரிட்ஜ் என்னுமிடத்தில் இயங்கிற்று.

பதினேழாம் நூற்றாண்டில் நிலத்தைத் தனியுடைமையாக்க விரும்பிய செல்வர்க்கும் பொதுவுரிமை கொண்ட ஊரவர்க்கும் இடையே பிணக்கு முற்றிற்று. 1693ஆம் ஆண்டு ஒரு பங்கீடு செய்யப்பட்டது. ஏறக்குறைய 14,000 ஏக்கரில் பாதிக்கு மேற்பட்டது தனியார் கைக்குச் சென்றது. 6,400 ஏக்கர் ஊரவர் பயன்பாட்டுக்குப் பொதுவாக விடப்பட்டது. இன்றுள்ள வனம் பெரும்பாலும் அந்த எச்சமேயாகும்.

இருநூறு ஆண்டுகள் செல்லுமுன் மீண்டும் ஒரு வழக்கு எழுந்தது. 1877ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பேணாட் ஹேல் என்னும் பொதுவுரிமையாளருக்காக ஜோன் மைல்ஸ் என்பவர் வனத்திற் பன்னமும் ஹெதரும் அரிந்துகொண்டிருந்தார். நிலக்கிழாரான டெ லா வார் பிரபு இதனைத் தடுக்க முற்பட்டார். ஊரவர்க்கு மாடு மேய்க்கும் உரிமையே உண்டு, விரிப்பு அரியும் உரிமை இல்லை என்பது பிரபுவின் வாதம். அரிவாளின் ஒரு வீச்சுப் பற்றிய வழக்குப் போலத் தோன்றினும், சிறு கமக்காரர் பலரின் வாழ்வு அதன்மேற் தங்கியிருந்தது. விரிப்பு இல்லையெனில் தொழுவம் இல்லை. தொழுவம் இல்லையெனில் எரு இல்லை. எரு இல்லையெனில் தோட்டமும் இல்லை.

ஊரவர் பக்கத்தில் எழுத்தாவணம் வலுவாக இருக்கவில்லை. ஆதலின் வில்லியம் அகஸ்தஸ் ராப்பர் என்னும் வழக்கறிஞர் ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கு மேற்பட்டோரிடம் வாக்குமூலம் எழுதினார். அவர்களுட் பலர் முதியோர். தம் தந்தையர் எந்த மேட்டில் அரிந்தனர், எத்திங்களில் அரிந்தனர், எவ்வாறு வண்டியேற்றினர் என்பனவெல்லாம் அவற்றிற் பதிவாயின. 1880ஆம் ஆண்டில் முதல் நீதிமன்றம் பிரபுவின் பக்கமே தீர்த்தது. 1881ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. அறுபது ஆண்டுகள் இடைவிடாது செய்துவந்த செயல், 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாயிற்று என்பது அதன் முடிவு. எழுத்தில்லாத இடத்தில் உழைப்பே சான்றாக நின்றது.

இவ்வழக்கின் விளைவாக 1885ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வனத்துக்கெனக் காப்பாளர் சபை ஒன்று அமைந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபையின் கடமையை விரிவாக வகுத்தது. பொதுவுரிமையாளரின் உரிமைகளைக் காத்தல், நிலத்தைப் பிறர் கவராமற் காத்தல், அமைதியும் இயற்கை எழிலும் உள்ள இடமாகப் பேணுதல் ஆகியன அக்கடமைகள். 1988ஆம் ஆண்டில் நிலத்தின் உடைமையும் பிரபுவின் குடும்பத்திடமிருந்து கிழக்குச் சசெக்ஸ் மாவட்ட சபையின் கைக்கு வந்தது.

உரிமை இருந்தும் உழைப்பில்லாத காலம்

இங்கேதான் வரலாறு எதிர்பாராத வழியில் திரும்புகின்றது. எந்த உரிமைக்காக ஊரவர் நீதிமன்றம் ஏறினரோ, அந்த உரிமை இருபதாம் நூற்றாண்டின் நடுவே தேவையற்றதாயிற்று. வைக்கோல் மலிந்தது, பன்ன விரிப்பை நாடுவார் குறைந்தனர். நிலக்கரியும் மின்சாரமும் வந்தன. கோர்ஸ் விறகை எவரும் வெட்டவில்லை. சிறு கமங்கள் நகரில் வேலை செய்வோரின் இல்லங்களாயின. வெளியை ஊடறுத்துச் செல்லும் தெருக்களில் மோட்டார் வண்டிகள் பெருகியமையால் மாடுகளையும் ஆடுகளையும் திரியவிடுவதும் ஆபத்தாயிற்று. சட்டப்படி பல நூறு வீட்டாருக்குப் பொதுவுரிமை இன்றும் உண்டு. அவர்களுள் வனத்திற் கால்நடை மேய்ப்போர் மிகச் சிலரே.

நிலத்தை எவரும் கவரவில்லை, உழவில்லை, வீடு கட்டவில்லை. ஆயினும் ஹீத் சுருங்கலாயிற்று. பிர்ச் மரத்தின் நுண்விதைகள் காற்றில் வந்து விழுந்து முளைத்தன. பைன் கன்றுகள் தலையெடுத்தன. அரிவாரற்ற பன்னம் ஆளுயரம் வளர்ந்து, அதன் சருகு தடித்த போர்வைபோலப் படிந்து, ஹெதர் விதை முளைக்க இடமின்றிச் செய்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்திற் பெரும்பாலும் திறந்திருந்த வெளியில், அந்நூற்றாண்டு முடிவதற்குள் மரச்செறிவு மிகுந்துவிட்டது. பகைவரால் அழியாதது பராமுகத்தால் அழியத் தொடங்கிற்று.

அந்நிலையில் காப்பாளர் சபையின் பணியாட்களும் தொண்டர்களும் பழைய ஊரவரின் வேலையைத் தாம் மேற்கொண்டனர். முன்பு பசுவுக்காகச் செய்ததை இப்பொழுது நிலத்துக்காகவே செய்கின்றனர். அவ்வேலை ஆண்டின் பருவங்களைத் தழுவி நடைபெறுவது.

பனிக்காலப் பணி

நவம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள குளிர்காலமே வெட்டும் காலம். பறவைகள் கூடு கட்டாத காலமாதலின், மரங்களையும் முதிர்ந்த புதர்களையும் அப்பொழுதே அகற்றுவர். பிர்ச்சை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளைக்கும். ஆதலின் அக்கட்டைக்கு மருந்து பூசுவர். அல்லது தளிர்களைக் கால்நடை கடிக்கும்படி விடுவர். சிறு கன்றுகளைத் தொண்டர்கள் வரிசையாக நின்று கையாற் பிடுங்குவர். ஈரமண்ணில் வேரோடு எளிதில் வருவதனால் இவ்வேலைக்கு மழை நனைந்த நாள் உகந்தது. வெட்டியவற்றை அங்கேயே விடலாகாது. அவை உக்கி மண்ணைக் கொழுக்கச் செய்யுமாதலால் அப்புறப்படுத்துதல் இன்றியமையாதது.

கோர்ஸ் செடியை முற்றாக அழிப்பதில்லை. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஏறக்குறையப் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியை அடிவரை வெட்டித் தளிர்க்கவிடுவர். இளங்கோர்ஸ் நெருங்கி வளர்ந்து முட்சுவர்போல் நிற்கும். டாட்போட் கதிர்க்குருவி என்னும் சிறு பறவைக்கு அதுவே வீடு. பிற பூச்சியுண்ணிகள் பல தெற்கு நோக்கிப் பறந்துவிட, இப்பறவை குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கிக் கோர்சின் உள்ளே ஒதுங்கும் சிலந்திகளைத் தின்று உயிர் வாழும். 1962-63ஆம் ஆண்டுக் கொடுங்குளிரில் பிரித்தானியா முழுவதிலும் ஏறக்குறையப் பத்துச் சோடிகளே எஞ்சின. பின்னர் அவை பெருகியமை, பதுங்குவதற்கு முட்புதர் எஞ்சியிருந்தமையாலாகும். முள்ளை வெட்டும்போதும் முள்ளை விட்டு வைக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கட்டுப்படுத்திய எரிப்பும் குளிர்காலப் பணியே. தாழ்நிலங்களில் நவம்பர் 1ஆம் நாள் முதல் மார்ச் 31ஆம் நாள் வரையே உரிமமின்றி எரிக்கலாம் என 2007ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. நிலம் ஈரமாகவும் செடி உலர்ந்தும் இருக்கும் நாளில், காற்றின் திசை நோக்கி, சிறு பகுதியொன்றை விரைவாக எரிப்பர். மேலுள்ள தண்டு எரியும். வேரும் மண்ணிற் புதைந்த விதையும் தப்பும். ஹெதரின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கியிருந்து, ஒளிபட்டவுடன் முளைக்க வல்லது. மரம் மூடிய இடத்தை வெட்டித் திறந்தபின் எவரும் விதைக்காமலே ஹெதர் எழுவது இதனாலாகும்.

ஹெதரின் நான்கு பருவங்கள்

எரிப்பதும் வெட்டுவதும் ஏன் பகுதி பகுதியாக நடைபெறவேண்டும் என்பதை அறிய ஹெதரின் வாழ்நாளை நோக்குதல் வேண்டும். அலெக்சாந்தர் வாட் என்னும் தாவரவியலறிஞர் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் அதனை நான்கு பருவங்களாக வகுத்தார். முதல் ஐந்தாறு ஆண்டுகள் முளைப்பருவம். செடி தரையோடு ஒட்டி நிற்கும். ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுவரை எழுபருவம். செடி அடர்ந்து பூத்துக் குலுங்கும். அதன்பின் இருபத்தைந்து ஆண்டளவும் முதிர்பருவம். நடுவே இடைவெளி தோன்றும். இறுதியிலே தளர்பருவம், கிளைகள் சாய்ந்து நடுப்பகுதி வெறிதாகும்.

இந்நான்கிலும் வாழும் உயிர்கள் வேறு வேறு. வெற்றுமணலும் இளஞ்செடியும் பல்லிக்கும் குளவிக்கும் வெயில் காயும் இடம். முதிர்ந்த புதர் பறவைக்கும் சிலந்திக்கும் உறைவிடம். ஒரே ஆண்டில் வெளி முழுவதையும் வெட்டினால் எல்லாம் ஒரே வயதாகிப் பெரும்பாலான உயிர்கள் நீங்கும். குழந்தையும் இளைஞரும் முதியோரும் கூடி வாழும் குடும்பம் போல, எல்லா வயதுச் செடியும் அருகருகே நிற்கும்படி செய்வதே பேணுவோரின் திறன்.

இளவேனிலும் முதுவேனிலும்

மார்ச் மாதம் பிறந்ததும் அரிவாளும் வாளும் ஓய்கின்றன. பறவைகள் தரையிலும் புதரிலும் கூடு கட்டும் காலமாதலின் ஆகஸ்ட் முடியுமளவும் புதர் வெட்டுவதைத் தவிர்ப்பர். ஆயினும் இளவேனிலே மிகுந்த விழிப்பு வேண்டப்படும் பருவம். சென்ற ஆண்டின் பன்னச் சருகும் மோலினியாப் புல்லும் காய்ந்து கிடக்க, புதிய பச்சை இன்னும் தோன்றாத இடைக்காலம் அது. எறிந்த சிகரட்டுத் துண்டு ஒன்றாற் கூடப் பெருந்தீ எழலாம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஆஷ்டவுனிற் காட்டுத்தீ பரவிற்று. பருவமறிந்து மனிதர் இட்ட தீ நிலத்தைக் காக்கும். பருவம் தப்பி எழுந்த தீ கூடுகளையும் முட்டைகளையும் பாம்புகளையும் ஒருங்கே அழிக்கும்.

மே மாதத்தில் ஆபிரிக்காவிலிருந்து பக்கி என்னும் இராப்பறவை வந்து சேரும். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் முட்டையிட்டுச் சருகோடு சருகாகக் கிடக்கும். அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று அருகே ஓடினால் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டை காகத்துக்கு இரையாகும். ஆதலின் இப்பருவத்துப் பணி நிலத்தோடு செய்வதைக் காட்டிலும் மனிதரோடு செய்வதாகும். நாயைக் கட்டிச் செல்லும்படியும், நடைபாதையை விட்டு விலகாதிருக்கும்படியும் வருவோரை இணங்கச் செய்யவேண்டும். ஏ. ஏ. மில்ன் 1926ஆம் ஆண்டு வெளியிட்ட கரடிப்பொம்மைக் கதைகளின் களம் இவ்வனமே. அக்கதைகளைப் படித்த குடும்பங்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கே வருகின்றமையால் இப்பணி எளிதன்று.

ஜூன், ஜூலை மாதங்களில் பன்னத்தை வெட்டுவர். பன்னத்தின் வலிமை நிலத்தின் கீழுள்ள கிழங்குத்தண்டில் உள்ளது. சேமித்த உணவையெல்லாம் செலவிட்டு இலைகளை விரித்து முடித்த வேளையில் அதனை வெட்டினால், செலவை ஈடுசெய்ய இயலாது தளரும். சில கிழமைகள் சென்றபின் மீண்டும் ஒருமுறை வெட்டுவர். ஓராண்டில் அது மாளாது; பல ஆண்டுகள் விடாது செய்தலே வழி. அடிக்குமுன் காலம் பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

இதே காலத்தில் வெள்ளிப்புள்ளி நீலம் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சி ஹெதர்மேற் பறக்கும். அதன் புழுவைக் கருநிற எறும்புகள் சூழ்ந்து காக்கும்; புழு சுரக்கும் இனிய நீர் அவற்றுக்குக் கூலி. இளஞ்செடியும் சூடான வெறுநிலமும் எறும்பும் ஆகிய மூன்றும் ஒருங்கமைந்த இடத்திலேயே இப்பூச்சி வாழும். குளிர்காலத்தில் ஒருவர் வெட்டித் திறந்த சிறு வெளியின் பயன் வேனிலிலே சிறகு கொண்டு பறக்கின்றது.

மேய்ச்சலும் இலையுதிர் காலமும்

ஆகஸ்ட் மாதத்தில் வெளி முழுவதும் ஊதா நிறம் பெறும். வறண்ட மேட்டில் ஹெதரும், ஈரமான பள்ளத்திற் சிலுவையிலை ஹீத்தும் பூக்கும். அருகே அரிய நீலநிறச் சதுப்பு ஜென்ஷியனும் மலரும். பின்னர்ப் பன்னம் செம்பழுப்பாகிச் சாயும். ஒருகாலத்தில் ஊரவர் விரிப்பு அரிந்த திங்கள்கள் இவையே. ஜோன் மைல்ஸ் அரிவாளோடு நின்றதும் ஓர் அக்டோபர் நாளிலாகும்.

மேய்ச்சலே பேணும் முறைகளுள் தலையாயது என்பர் அறிஞர். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டும். கால்நடையோ ஓரிடத்தில் ஆழக் கடிக்கும், மற்றோரிடத்தைத் தீண்டாது செல்லும், குளம்பினால் மண்ணைக் கிளறி விதைக்கு இடம் செய்யும். மாடு புல்லை நாவாற் சுழற்றிப் பறிக்கும். செம்மறியாடு இளந்தளிரைக் கறிக்கும். எக்ஸ்மூர் மட்டக்குதிரை பனிக்காலத்தில் முட்கோர்சையும் தின்னும். ஆதலின் ஆஷ்டவுனில் ஒரு பகுதி வேலியிடப்பட்டு மேய்ச்சல் மீண்டும் நடைபெறுகின்றது. பொதுநிலத்தில் வேலி எழுப்புவதற்கு அரசின் இசைவு வேண்டும். மக்களும் அதனை எளிதில் விரும்பார். அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் சில பொதுநிலங்களில் மாட்டின் கழுத்திற் செய்மதியோடு தொடர்புடைய பட்டை கட்டி, எல்லையை அணுகும்போது ஒலியெழுப்பித் திருப்பும் முறை கையாளப்படுகின்றது. மேய்ப்பனின் குரலை இப்பொழுது கருவி எழுப்புகின்றது.

காற்றின் வழியாக வரும் இடர்

இவையெல்லாம் கையால் தீர்க்கத்தக்கன. கையாற் பிடிக்கமுடியாத இடரும் ஒன்றுண்டு. மோட்டார் வண்டிகளின் புகையிலும் பெரும் பண்ணைகளின் சாணத்திலும் பிறக்கும் நைதரசன் சேர்வைகள் காற்றில் வந்து நிலத்திற் படிகின்றன. வயலுக்கு உரமாவது ஹீத்துக்கு நஞ்சாகும். வறுமையால் வாழ்ந்த ஹெதரை வளத்தால் வந்த புல் வெல்லும். நெதர்லாந்தின் ஹீத் வெளிகளுட் பல இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாறு புல்வெளிகளாயின. அங்கே மேல்மண்ணையே சீவி அகற்றவேண்டி நேர்ந்தது.

ஆஷ்டவுனைச் சுற்றி 7 கிலோமீற்றர் எல்லைக்குள் புதுவீடு கட்டுவோர் வனத்தின் பேணுகைக்கு உதவவேண்டும் என அயலிலுள்ள உள்ளூராட்சி மன்றங்கள் விதித்துள்ளன. 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், அயல் மாவட்டத்தின் திட்டமொன்றின் ஒரு பகுதியை நீக்கிற்று. பல திட்டங்களாற் பெருகும் வண்டிகளின் புகையை ஒருங்கு சேர்த்து ஆராயாமை குற்றம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரிவாளைப் பற்றி எழுந்த வழக்கு, இன்று காற்றைப் பற்றி எழுகின்றது.

இரு நாட்டுச் செடிகள்

ஆங்கில நாட்டு நிலத்தைப் பற்றிய இச்செய்தி இலங்கை மாணவர்க்குத் தொலைவானதன்று. ஆஷ்டவுனிற் பறவைக்கு வீடாக மதிக்கப்படும் கோர்ஸ், பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கையின் மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று ஹோட்டன் சமவெளியின் பற்றனைப் புல்வெளிகளில் அது பரவி, உள்ளூர்ப் புல்லை நெருக்குகின்றது. தேசியப் பூங்காவின் பணியாட்களும் தொண்டர்களும் அதனை வேரோடு அகற்றப் பாடுபடுகின்றனர். மறுபுறத்தில், ஹோட்டன் சமவெளியிற் செம்மலர் பூத்து அழகு செய்யும் ரோடோடென்ட்ரன் மரத்தின் உறவான வேறோர் இனம், தோட்ட அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஹீத் வெளிகளை மூடும் களையாயிற்று. அங்கே அதனை வெட்டுகின்றனர். ரோடோடென்ட்ரனும் ஹெதரும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

ஆகவே எச்செடியும் தன்னளவிற் களையுமன்று, செல்வமுமன்று. எந்நிலத்தில், எவ்வளவில், எவற்றோடு கூடி நிற்கின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கும். இதனை அறிவதற்கு நூலறிவு மட்டும் போதாது. அந்நிலத்திற் பருவந்தோறும் நடந்து பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

ஆஷ்டவுன் வனத்தின் வரலாற்றில் மூன்று காலங்கள் உள்ளன. முதற்காலத்தில் மக்களுக்கு நிலம் தேவைப்பட்டது. தேவையே அதனைப் பேணிற்று. இரண்டாங்காலத்தில் சட்டம் நிலத்தைக் காத்தது. தேவை அற்றமையால் நிலம் உள்ளிருந்தே மாறிற்று. மூன்றாங்காலத்தில், தமக்கு விறகும் விரிப்பும் வேண்டாதவர்கள், பனி பெய்யும் காலையிற் சென்று கன்றுகளைப் பிடுங்குகின்றனர். அவர்கள் பெறும் ஊதியம் ஆகஸ்ட் மாதத்து ஊதாநிறமும் மாலைப்பொழுதிற் கேட்கும் பக்கியின் குரலுமேயாம்.

பொதுநிலத்தைக் கவர்வோர்க்கு எதிராகச் சட்டம் செய்வது எளிது. பொதுநிலத்தை மறப்போர்க்கு எதிராகச் சட்டம் செய்தல் இயலாது. 1881ஆம் ஆண்டின் நீதிபதிகள் அறுபது ஆண்டு உழைப்பை உரிமையின் சான்றாகக் கொண்டனர். உழைப்பு நின்றபின் ஏட்டிலிருந்த உரிமையால் ஒரு பிர்ச் கன்றையும் தடுக்க முடியவில்லை. குளமோ, வாய்க்காலோ, மேய்ச்சல் தரவையோ, ஊர்ப்பொதுவாக எதனைப் பெற்றிருப்போரும் இதனைச் சிந்தித்தல் நன்று. எல்லோர்க்கும் உரியது, ஆண்டுதோறும் சிலரேனும் கைவைத்துப் பேணும் அளவுமே எல்லோர்க்கும் உரியதாக நிலைக்கும்.